சாம்பல் அழுக்கா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மே மாதம் ஜப்பான் போயிருந்தோம். ஷிராகவாகோ என்ற மலைக்கிராமத்தில் பழைய கூரைவீட்டு உணவகம் ஒன்றில் மதியச் சாப்பாடு. வீடெல்லாம் புகை. நடுக்கூடத்தில் சாம்பல் குழி, அதில் நட்டுவைத்த மீன். ஒரு மணி நேரம் காக்கவைத்தார்கள். இந்தக் காலத்தில் கேஸ் அடுப்பு ஆகாதா? சாம்பல் அழுக்கில்லையா? பிள்ளைகள் மீன் தலையை ஒதுக்கிவிட்டார்கள். கணவர் சைவம், அவர் சாப்பிட்ட கீரையும் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பும் சைவம்தானா?

கோகிலா

அன்புள்ள கோகிலா,

சைவமாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. அங்கே சூப்புக்கும் கீரைக்கும் அடிப்படைச் சாறு பெரும்பாலும் உலர்த்திச் சீவிய சூரை மீனில் இறக்குவது. கொம்பு என்ற கடற்பாசியும் ஷீடாக்கே காளானும் போட்ட சாறு வேண்டுமென்று முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். கேஸ் அடுப்புப் பேச்சை விடுங்கள்.

ஆனால் சாம்பலை அழுக்கு என்று எப்படி எழுத மனம் வந்தது? கொஞ்ச நாளாக அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மே மாத மலைக்கீரை என்றால் பெரும்பாலும் வராபி, அதாவது ஒருவகைப் பெரணியின் இளங்குருத்து. பச்சையாக அது நஞ்சு. நிறைய மேய்ந்தால் மாடே நோயில் விழும். பறித்த அன்றே அகலப் பாத்திரத்தில் பரப்பி, விறகுச் சாம்பலைத் தூவி, மூழ்கும்வரை கொதிநீர் ஊற்றி, இரவு முழுக்க மூடிவைக்க வேண்டும். சாம்பலின் காரத்தன்மைதான் நஞ்சை உடைக்கிறது. காலையில் அலசி, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். சாம்பல் குறைந்தால் கசப்பு போகாது. கூடினாலோ, அடுப்பிலேற்றிக் கொதிக்கவிட்டாலோ குருத்து கூழாகிவிடும். இப்போது பலர் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போடுகிறார்கள். நம் சேனைக்கு உறவான கொன்யாகு கிழங்கின் மாவையும் அந்தக் காலத்தில் சாம்பல் தெளிநீர் விட்டுத்தான் உறையவைத்தார்கள்.

உங்கள் கண்ணை எரித்த புகையும் வீணில்லை. அந்தக் கூரைச் சட்டத்தில் ஆணி கிடையாது. கயிறும் இளங்கொம்புகளும்தான் கட்டு. கட்டும் புல்லும் பூச்சி அரிக்காமல் நிற்பது அந்தப் புகையால்.

இனி மீன். இவானா போன்ற ஆற்றுமீனில் குடலையும் முதுகெலும்பை ஒட்டிய ரத்தக்கட்டையும் வழித்தெடுத்து, வாய்வழியே குச்சியை ஏற்றி, உடம்பு அலைபோல நெளியக் குத்துவார்கள். நேராகக் குத்தினால் வேகும்போது சதை தளர்ந்து குச்சியிலேயே சுழலும். உப்பைத் தடவி, துடுப்புகளில் மட்டும் அப்பி, தலைகீழாகச் சாம்பலில் நடுவார்கள். கரிக்கு ஒட்டி நட்டால் தோல் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். தள்ளி நட்டால் நீரும் கொழுப்பும் இறங்கி வாய்வழியே சொட்டும். அந்தக் கொழுப்பிலேயே தலை பொரிந்துபோகும். அந்த ஒரு மணி நேரம் அதற்குத்தான் அம்மா! பிள்ளைகளை வையாதீர்கள், முள்ளுக்குப் பயந்திருப்பார்கள். அடுத்த தடவை நீங்கள் முதலில் தலையைக் கடித்துக் காட்டுங்கள், சூடாக இருக்கும்போதே. ஆறிவிட்டால் மொறுமொறுப்பு போய்விடும்.