சீபியா, செலினியம்: டார்க்ரூம் டோனிங் கேள்வி பதில்

(கறுப்பு-வெள்ளை போட்டோ பிரின்ட்டை ரசாயனக் கரைசலில் போட்டு நிறம் மாத்துறதுதான் டோனிங்; சீபியான்னா பழுப்பு. கேட்டவங்க பேருக்குப் பதிலா ஊரைப் போட்டிருக்கு.)

கடலூர் முதுநகர்: சார், சீபியாவுக்காக ப்ளீச் பண்ணி டோனரில் போட்டேன். மேகம், வெள்ளைச் சட்டை எதுவும் திரும்பி வரல. டோனர் கெட்டுப்போச்சா?

டோனர் மேல பழி போடாதீங்க. பேப்பரில் ஹைப்போ, அதாவது படத்தை நிலைநிறுத்துற ஃபிக்ஸரோட உப்பு, மிச்சம் இருந்திருக்கு. ப்ளீச்சில் இருக்கிற ஃபெரிசயனைடும் ஹைப்போவும் சேர்ந்தா அது ஃபார்மர்ஸ் ரெட்யூசர்ங்கிற கரைசல். படமா நிற்கிற வெள்ளியையே கரைச்சுடும், முதலில் போறது வெளிர் பகுதிதான். போனது போனதுதான். ஃபைபர் பேப்பரை (பிளாஸ்டிக் பூச்சு இல்லாதது) ஃபிக்ஸருக்குப் பிறகு 5 நிமிஷம் அலசி, 2 சதவீத சோடியம் சல்ஃபைட்டில் 10 நிமிஷம் வெச்சு, அப்புறம் தண்ணி மாத்தி மாத்தி அரை மணி நேரம் கழுவுங்க. ப்ளீச்சுக்கு 1 லிட்டர் தண்ணியில் பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம், பொட்டாசியம் புரோமைடு 10 கிராம் போதும். கருப்பு வெளுக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டா நிழல் அப்படியே நிற்கும், வெளிர் பகுதி மட்டும் பழுப்பாகும். எனக்குப் பிடிச்சது அதுதான்.

லாஸ்பேட்டை: சீபியாவுக்குப் போடுற சல்ஃபைடு டோனர் நாத்தம் தாங்கல அண்ணா. வீட்டில் திட்டு.

அந்த வாயு பக்கத்தில் இருக்கிற புது பேப்பரையும் ஃபாக் ஆக்கும், அதாவது வெளிச்சம் படாமலே கருக்க வைக்கும். தயோயூரியா டோனருக்கு மாறுங்க. தயோயூரியா 10 சதவீதம் ஒரு பாட்டில், காஸ்டிக் சோடா 10 சதவீதம் இன்னொரு பாட்டில். ஒவ்வொண்ணிலும் 50 மி.லி. எடுத்து அரை லிட்டர் தண்ணியில் கலக்குங்க. காஸ்டிக் கூடினா அடர் பழுப்பு, குறைஞ்சா மஞ்சள் சாயல். கரைக்கும்போது தண்ணியில்தான் காஸ்டிக்கைப் போடணும், சூடேறும். கையுறை கட்டாயம். ஃபெரிசயனைடு பக்கம் எந்த ஆசிடும் வரவே கூடாது.

திருப்பாதிரிப்புலியூர்: பிரின்ட்டில் ஊசிமுனை அளவு நீலப் புள்ளிகள்!

இரும்பு. போர் தண்ணி, துருப்பிடிச்ச பைப், எனாமல் பெயர்ந்த ட்ரே, இதில் ஏதோ ஒண்ணு. ஃபெரிசயனைடு இரும்போட சேர்ந்து பிரஷ்யன் நீலமாகுது. பிளாஸ்டிக் ட்ரே, கரைசலுக்குக் கேன் தண்ணி.

முத்தியால்பேட்டை: செலினியம் டோனரில் போட்டதும் வெள்ளை ஓரத்தில் கறை விழுதே?

ஃபிக்ஸிங் போதல. ரெண்டு ட்ரே ஃபிக்ஸர் வைங்க. டோனர் 1+9 (ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணி), கண் பார்த்து 3–5 நிமிஷம். டோன் பண்ணாத ஈரப் பிரின்ட் ஒண்ணைப் பக்கத்தில் வெச்சுக்கோங்க. இல்லேன்னா மாற்றம் கண்ணுக்குப் பிடிபடாது.

நெல்லித்தோப்பு: மே மாசம் டோனிங் முடியுமா?

மாடித் தொட்டித் தண்ணி மத்தியானம் கொதிக்கும். விடிகாலையில் பண்ணுங்க. பெரிய ட்ரேயில் ஐஸ் தண்ணி ஊத்தி அதுக்குள்ள டோனர் ட்ரேயை வைங்க. 30 டிகிரியைத் தாண்டினா ஜெலட்டின் ஊறி ஓரம் உரியும், டோனும் மளமளன்னு ஏறிடும்.

கடலூர் முதுநகர்: காய்ஞ்சதும் சீபியா நிறம் மாறுது சார்.

மாறத்தான் செய்யும். ஒரு துண்டை ஹேர் ட்ரையரில் காயவெச்சுப் பார்த்துட்டு காஸ்டிக் அளவை முடிவு பண்ணுங்க.