டாங்க் வற்றிவிட்டது

அன்பின் ஐயா,

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒரு குளக்கட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வசிக்கிறேன். ஆறு வருடங்களாக அலங்கார மீன் வளர்க்கிறேன். விறாந்தையில் 60 சென்ரிமீற்றர் நீளத் தொட்டி ஒன்றும் பைட்டர் மீன்களுக்கான போத்தல்களும் இருக்கின்றன. வெளிநாட்டு மீன் வளர்ப்பாளர்களோடு இணையத்தில் ஆங்கிலத்தில் உரையாடுவது வழக்கம்.

கடந்த ஆவணியில், ‘எங்கள் டாங்க் வற்றிவிட்டது. மீன்கள் சேற்றில் துடிக்கின்றன’ என்று எழுதினேன். நான் சொன்னது ஊர்க் குளத்தை. அவர்கள் என் கண்ணாடித் தொட்டி என்று நினைத்துவிட்டார்கள். மீன் வளர்க்க எனக்குத் தகுதியே இல்லை என்று ஓர் அமெரிக்கப் பெண்மணி எழுதினார். இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2022இல் நாடு முழுவதும் மின்வெட்டு இருந்தபோது, ‘13 மணி நேரமாகக் கரண்ட் இல்லை, தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன’ என்றேன். தங்கமீனுக்கு நீரோட்டம் அவசியமில்லை என்று பதில் வந்தது. இரண்டு மீன்கள் இறந்துவிட்டன.

என்னுடையது ஊர் ஆங்கிலம் என்கிறாள் அக்கா. நான் எந்த ஆங்கிலத்தைப் படித்தால் இந்த வெட்கம் தீரும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

அன்பின் தம்பி,

குளம் வற்றியதைத் துக்கத்தோடு எழுதிய ஒருவர் மீனை வதைத்தவர் என்ற பழியைச் சுமந்தது எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை.

‘டாங்க்’ என்ற சொல்லை ஆங்கிலேயர் பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவில் எழுதத் தொடங்கியபோது அதற்குக் குளம், ஏரி என்பதுதான் பொருள். குஜராத்தி, மராத்திச் சொற்களிலிருந்து வந்தது என்று சிலரும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது என்று சிலரும் சொல்வார்கள். லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன்காட்சியகம் திறந்தது 1853இல். வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக்குள் மீன் வைக்கும் பழக்கம் பரவியதும் அதையொட்டித்தான். அதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முன்பே நீங்கள் சொன்ன பொருள் வழக்கில் இருந்தது. மன்னாரின் கட்டுக்கரைக்குளம் ஆங்கிலத்தில் இன்றும் ‘ஜயன்ட்ஸ் டாங்க்’தான். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல். நீங்கள் அதைப் பெரியவர்களிடமும் பெயர்ப்பலகைகளிலும் கற்றீர்கள். அந்தப் பெண்மணி கடையில் தொட்டி வாங்கிய நாளில் கற்றார்.

வன்னியில் இந்தச் சொல்லுக்கு வேறு சுமைகளும் உண்டு. நாம் அதைத் தமிழில் ‘தாங்கி’ ஆக்கிக்கொண்டோம். நீர்த்தாங்கி, யுத்த தாங்கி என்று எழுதுகிறோம். முதல் உலகப் போரில் அந்த இரும்பு வண்டியை இரகசியமாகச் செய்துகொண்டிருந்த பிரித்தானியர், வெளியே தெரியாமலிருக்கத் தண்ணீர்த் தாங்கி என்று பெயர் சொல்லி மறைத்தார்கள். 1916இல் அது களத்துக்கு வந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. போர் முடிந்தபின் கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் வீழ்ந்து கிடந்த அந்தப் பெரிய நீர்த்தாங்கியைப் பார்த்தவர்களுக்கு, இந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் மீன் நினைவுக்கு வராது.

இந்தக் குழப்பம் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவரை ஒரு மார்கழியில் இரணைமடுவுக்கு அழைத்துச் சென்றேன். குளம் என்று நான் சொன்னதைக் கேட்டு, கோயில் முன்னால் படிக்கட்டோடு இருக்கும் ஒன்றை அவர் மனத்தில் கட்டி வைத்திருந்தார். குளக்கட்டில் ஏறியதும் பேச்சில்லாமல் நின்றார். ‘இதை நாங்கள் ஏரி என்போம், மதுரைப் பக்கம் கண்மாய் என்பார்கள்’ என்றார். அன்று சாப்பாட்டில் இருந்த குளத்து மீனைத் திலாப்பியா என்றேன். அவர் ஜிலேபி என்றார். இருவரும் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

‘கரண்ட்’ விடயம் எனக்கு உண்மையிலேயே வலித்தது. நம் நாட்டில் மின்சாரம் போனால் கரண்ட் போய்விட்டது என்கிறோம், தமிழிலும் ஆங்கிலத்திலும். மீன் வளர்ப்பவரின் காதில் அது தொட்டிக்குள் வடிகட்டி உண்டாக்கும் நீரோட்டம். அவர் சொன்ன பதில் அவருடைய கேள்விக்குச் சரியானது. உங்களுடைய கேள்வி அவரிடம் போய்ச் சேரவேயில்லை. அமெரிக்கர்களிடம் ‘பவர்’ என்று சொல்லுங்கள், உடனே புரியும். பைட்டர் மீன் மேற்பரப்பில் காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்புள்ளது, தப்பிவிடும். தங்கமீனுக்கு அது இல்லை. இனி மின்சாரம் நின்றால் ஒரு கோப்பையால் தொட்டித் தண்ணீரை அள்ளி, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருங்கள். தண்ணீரில் காற்றுக் கலக்கும்.

எந்த ஆங்கிலம் என்று கேட்டீர்கள். எதையும் மாற்ற வேண்டாம். சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண் வரும் இடத்தில் மட்டும் ஈவிரக்கம் பார்க்காமல் கேள்வி கேளுங்கள். பெயர் மாறினால் மனம் நோகும், அவ்வளவுதான். அளவு மாறினால் மீன் சாகும்.

‘கலன்’ என்ற அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர். பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர். பழைய ஆங்கிலேய வைன் கலனைத்தான் அமெரிக்கர்கள் வைத்திருக்கிறார்கள். பிரித்தானியா 1824இல் சட்டம் போட்டுத் தன் கலனைப் புதிதாக வரையறுத்தது. இங்கேயும் பழையது தாயகத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது, உங்கள் டாங்க்கைப் போல. உங்கள் தொட்டியின் அகலமும் உயரமும் 30 சென்ரிமீற்றர் என்றால் அது 54 லீற்றர் கொள்ளும். அமெரிக்கக் கணக்கில் 14 கலனுக்குச் சற்று மேல், பிரித்தானியக் கணக்கில் 12க்குச் சற்றுக் குறைவு. பழைய அளவிலேயே பேசும் ஒரு பிரித்தானிய முதியவர் கலனுக்கு இத்தனை துளி மருந்து என்று சொல்ல, நீங்கள் அமெரிக்கக் கலனில் கணக்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஊற்றிவிடுவீர்கள். கெளுத்தி இன மீன்கள் பல மருந்துகளைத் தாங்குவதில்லை. உப்புப் போடும்போதும் இதே கவனம் வேண்டும். அவுஸ்திரேலியரின் மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர், மற்ற இரு நாட்டாருக்கும் 15. நீரின் வன்மையை, அதாவது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற உப்புகளின் அளவை, ஜேர்மன் பாகையில் சொல்வாரும் உண்டு, மில்லியனில் இத்தனை பங்கு என்று சொல்வாரும் உண்டு. ஒரு பாகை 17.8 பங்குக்குச் சமம். கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படியும் உங்கள் கிணற்றுத் தண்ணீரை வெறுமனே ‘12’ என்று எழுதினால், ஒருவர் அதைப் பாகையாக அல்லாமல் பங்காக எடுத்துக்கொண்டு, மழைநீர் என்று எண்ணிக்கொள்ளக்கூடும். லீற்றரில் கேளுங்கள், கிராமில் கேளுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பெயர்களைப் பழகிக்கொள்வது எளிது. நீங்கள் பைட்டர் என்பதை அமெரிக்கர் பெட்டா என்பார். தொட்டியில் போடும் மரவேரைப் பிரித்தானியர் பொக்வுட் என்றும் அமெரிக்கர் டிரிஃப்ட்வுட் என்றும் சொல்வார்கள். கூர்ஷெட் நறுக்கிப் போடு என்று ஒருவரும் சுக்கினி போடு என்று இன்னொருவரும் சொன்னால் இரண்டு காய்களைத் தேடி அலைய வேண்டாம். முன்னது பிரெஞ்சிலிருந்தும் பின்னது இத்தாலியத்திலிருந்தும் வந்தவை, இரண்டுக்கும் குட்டிப் பூசணி என்றே பொருள். நம் வெள்ளரித் துண்டும் உதவும்.

ஒரு பெயரில் மட்டும் எனக்குச் சஞ்சலம் உண்டு. தொட்டிச் சுவரில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் மீனை நாம் ‘டாங்க் கிளீனர்’ என்கிறோம். பிரித்தானியர் பிளெக் என்றும் அமெரிக்கர் பிளெக்கோ என்றும் சொல்லும் தென்னமெரிக்க மீன் அது. விரல் நீளத்தில் வாங்குவது முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிடும். வளர்த்துக் களைத்தவர்கள் அதைக் குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். இலங்கையின் நீர்த்தேக்கங்கள் சிலவற்றில் அது ஏற்கெனவே பெருகிவிட்டது. முள் நிறைந்த அதன் உடல் மீனவரின் வலையைக் கிழிக்கிறது. பெயரை நம்பி, நம் குளத்தையும் அது சுத்தம் செய்யும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. உங்கள் ஊரில் மீன் வளர்க்கும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அந்தப் பெண்மணிக்கு, வற்றிய குளத்தின் அலைகரையில் நின்று எடுத்த ஒரு படத்தை அனுப்புங்கள். ‘டாங்க்’ என்ற சொல்லை மாற்றாமல், முன்னால் ‘இரிகேஷன்’ என்று மட்டும் சேர்த்து, அதில் எத்தனை ஏக்கர் வயல் விளைகிறது என்றும் எழுதுங்கள். மாரியில் குளம் நிரம்பி, மிஞ்சிய நீர் வழிந்து வான் பாயும்போது ‘எங்கள் டாங்க் ஸ்பில் ஆகிறது’ என்று எழுதத் தோன்றும். தாராளமாக எழுதுங்கள். ஆனால் படத்தை முதலில் அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் விறாந்தையில் தொட்டி உடைந்துவிட்டதென்று பதறிப்போவார்கள்.

அன்புடன்