குடியுரிமைத் தேர்வா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வு பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன், காலையில் பார்த்தால் கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. நான் வக்கீல் இல்லை. நானே எழுதித் தேறினேன், பிறகு ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் சிலரை உட்கார வைத்துப் படிக்க வைத்தேன், அவ்வளவுதான் தகுதி.

அண்ணா, 100 கேள்வியா 128 கேள்வியா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இரண்டும் உண்மை. 2025 அக்டோபர் 20க்கு முன் என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பம் போட்டவர்களுக்குப் பழைய தேர்வு: 100 கேள்வியில் 10 கேட்பார்கள், 6 சரியாக இருந்தால் போதும். அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ போட்டிருந்தால் 128 கேள்வி, அதில் 20 வரை கேட்பார்கள், 12 சரியாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஒன்பது தப்பு ஆனாலும் நிறுத்திவிடுவார்கள்!

அம்மாவுக்கு 67 வயது, கிரீன் கார்டு வாங்கி 21 வருடம். ஆங்கிலம் வராது என்பதால் பயந்துபோய் விண்ணப்பமே போடவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை. 65 வயது தாண்டி, கிரீன் கார்டோடு 20 வருடம் இருந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது. படிக்க வேண்டியதும் குறித்துக் கொடுத்திருக்கும் 20 கேள்விகள் மட்டும்தான், அதில் 10 கேட்டு 6 எதிர்பார்ப்பார்கள். தமிழிலேயே பதில் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளரை மட்டும் நீங்கள் கூட்டிப் போக வேண்டும். ஒன்று மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: காங்கிரஸ் என்றால் இங்கே கட்சி இல்லை, நாடாளுமன்றம். நான் படிக்க வைத்த ஒரு பாட்டி கடைசி வரை கை சின்னத்தை மறக்கவே இல்லை.

கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இப்போதே போடலாமா? நடுவில் ஏழு மாதம் ஊரில் இருந்தேன்.

90 நாள் முன்கூட்டியே போடலாம், அது பிரச்சினை இல்லை. ஏழு மாதம்தான் பிரச்சினை. ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் இங்கே தொடர்ந்து வசித்தது அறுந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. இங்கே வீடு, வேலை, வரி எல்லாம் நடந்துகொண்டிருந்ததற்கான காகிதங்களோடு ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அதிபர் கட்சிக்குச் சபையில் பெரும்பான்மை போனால் ஆட்சி கவிழாதா?

கவிழாது. நம்மவர்கள் வழுக்கி விழும் இடமே இதுதான், ஏனென்றால் நம் மனதில் டெல்லியும் கோட்டையும்தான் ஓடுகின்றன. அங்கே சட்டமன்றத்தின் ஆதரவு இருந்தால்தான் முதல்வர், ஆதரவு போனால் பதவி போச்சு. இங்கே அதிபரைத் தேர்ந்தெடுப்பது தனித் தேர்தல், நான்கு வருடம் நிச்சயம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற பேச்சே இல்லை. 1787இல் பிலடெல்பியாவில் உட்கார்ந்து எழுதியவர்கள் அப்போதுதான் ஒரு ராஜாவிடமிருந்து பிய்த்துக்கொண்டு வந்தவர்கள், இன்னொரு ராஜா முளைத்துவிடக் கூடாது என்ற பயத்தில் வேண்டுமென்றே அதிகாரத்தை அதிபர், காங்கிரஸ், நீதிமன்றம் என்று மூன்று பக்கம் இழுத்துக் கட்டினார்கள். அமைச்சர் ஒருவர் காங்கிரஸ் உறுப்பினராகவும் இருக்க முடியாது. மார்கோ ரூபியோ 2025இல் வெளியுறவு அமைச்சராக வந்தபோது செனட் (காங்கிரஸின் மேலவை) பதவியை விட்டுவிட்டுத்தான் வந்தார். அதிபரை நடுவில் நீக்க வேண்டுமென்றால் கீழவையான பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டி, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழ வேண்டும். 1868இல் ஜான்சன், 1998இல் கிளிண்டன், பிறகு டிரம்ப் இரண்டு தடவை என்று குற்றச்சாட்டு வந்திருக்கிறது, அப்படி நீக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. நிக்சன் அதற்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டார்.

அப்போ கவர்னரை யார் நியமிக்கிறார்கள்?

யாரும் நியமிப்பதில்லை, மாகாண மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்மூர் முதல்வர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதிநிதிகள் சபையில் இருக்கும் பிரமிளா ஜெயபால் சென்னையில் பிறந்தவர்தானே, அவர் அதிபர் ஆகலாமா?

முடியாது. பிரதிநிதிகள் சபைக்குக் குடியுரிமை பெற்று 7 வருடம், செனட்டுக்கு 9 வருடம் ஆகியிருந்தால் போதும். அதிபர் பதவிக்கு மட்டும் பிறப்பிலேயே குடியுரிமை வேண்டும். அதிபர் தேர்தலில் நின்ற கமலா ஹாரிஸின் அம்மாதான் சென்னை, கமலா பிறந்தது கலிபோர்னியாவின் ஓக்லண்டில்.

இந்தியர்களுக்கு எப்போதிலிருந்து குடியுரிமை கொடுக்கிறார்கள், சார்?

நல்ல கேள்வி, தேர்வில் வராது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். பகத் சிங் திண்ட் என்று ஒரு பஞ்சாபி, முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். நீ வெள்ளையன் இல்லை, உனக்குக் குடியுரிமை இல்லை என்று 1923இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஏற்கெனவே வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமும் திரும்பப் பறித்தார்கள். போர் வீரர்களுக்காக வந்த தனிச் சட்டத்தின் கீழ் 1936இல் திண்டுக்குக் கிடைத்தது. மற்ற இந்தியர்களுக்கு 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அப்போதும் குடியேற வருடத்துக்கு 100 பேருக்குத்தான் இடம்.

இந்தியப் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அமெரிக்கக் குடியுரிமை எடுத்ததுமே இந்தியக் குடியுரிமை போய்விடும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்தியர்களுக்கு இந்தியா தரும் அட்டை) வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதில் ஓட்டு இல்லை, ஊரில் வயல் வாங்கவும் முடியாது.

லைசென்ஸ் எடுக்கும் இடத்தில் ஓட்டர் பதிவு செய்யச் சொன்னார்கள். கிரீன் கார்டுதான் இருக்கிறது, டிக் அடித்துவிட்டேன்.

தம்பி, இதை முதலில் கேட்டிருக்க வேண்டும். குடிமகன் என்று கையெழுத்துப் போட்டிருந்தால் விஷயம் பெரிது, நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம், என்-400இலும் இதைக் கேட்பார்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஓட்டுப் போடாதே. விண்ணப்பத்தைத் தொடாமல் நாளைக்கே குடியேற்ற வக்கீலைப் பார், அந்தப் படிவத்தின் நகல் கிடைத்தால் கையோடு எடுத்துப் போ.