அடுப்படி பத்தடியில் இருந்தபோது

அன்புள்ள ஐயா,

பெருந்தொற்றுக் காலத்தில் அலுவலக வேலை வீட்டுக்கு வந்தது. சாப்பாட்டுக்கு நேரம் காலம் இல்லாமல் போனது. லேப்டாப் பக்கத்தில் எப்போதும் ஒரு கிண்ணம் நொறுக்குத்தீனி இருக்கும். நடை அடியோடு நின்றது. அதே வீட்டில், அதே நாட்களில்தான் என் கணவர் உடற்பயிற்சியை ஆரம்பித்தார், இன்றும் விடவில்லை. எனக்கோ அன்று ஏறிய எடை இன்னும் இறங்கவில்லை. மன உறுதி போதாது என்கிறார்கள். எழுபதைத் தாண்டிய அம்மாவும் அப்போது நடமாட்டத்தைக் குறைத்தார். இப்போது கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. இனி என்ன செய்வது?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

மன உறுதி போதாது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த 30 நாட்களில் உலகெங்கும் பலருடைய கைபேசிச் செயலியில் பதிவான காலடிகளை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, சராசரியாக 27 சதவீதம் குறைந்திருந்தது. அத்தனை பேருக்கும் ஒரே மாதத்தில் உறுதி வற்றிப்போயிருக்குமா?

வண்டியைப் பிடிக்க நடந்தது, மாடிப்படி ஏறியது, பக்கத்து மேசைக்குப் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்தது. இதையெல்லாம் நாம் உடற்பயிற்சி என்றே நினைத்ததில்லை. சத்தமில்லாமல் அவைதான் முதலில் போயின. சாப்பாடும் அப்படித்தான். "வாங்க, சாப்பிடப் போகலாம்" என்று கூப்பிட ஆள் இருந்தவரை மதியத்துக்கு ஒரு மணி இருந்தது. வீட்டில் மீட்டிங் முடிந்ததும் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து, எதற்கு வந்தோம் என்றே தெரியாமல் நிற்போம். அது பசியே இல்லை. அலுப்பு, பயம், இருந்த இடத்தைவிட்டு எழ ஒரு சாக்கு. போதாததற்குத் தூக்கமும் கெட்டது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன.

உங்கள் கணவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்த மாதங்களில் மூன்று வேளையும் சமைத்துப் பாத்திரம் கழுவியது யார்? அலுவலகம் போய்வரும் நேரம் அவருக்கு மிச்சமாகி, உங்களுக்கு அது அடுப்படியில் கரைந்திருந்தால், இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமே இல்லை. முதலில் அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டினி கிடக்கும் டயட் எதிலும் இறங்காதீர்கள். விட்டுப்போன நேரத்தைத் திரும்பப் பிடியுங்கள்: குறித்த நேரத்தில், திரை இல்லாத இடத்தில் உட்கார்ந்து சாப்பாடு. கிண்ணம் வேலை மேசைக்கு வரவே கூடாது. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று சொல்லப்படுகிறது. எடுத்த எடுப்பில் அங்கே தாவ வேண்டாம். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள், போதும், அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.

எனக்குக் கவலை உங்கள் அம்மாவைப் பற்றித்தான். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நோய்நொடி இல்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்திருந்தது. அம்மா படுக்கையில் கிடக்கவில்லைதான். ஆனால் அவர் நடமாட்டம் குறைந்து எத்தனை மாதம் ஆயிற்று! இவ்வளவு வயதுக்குமேல் என்ன என்று விட்டுவிடாதீர்கள். 1990இல் வெளியான இன்னோர் ஆய்வில், சராசரியாக 90 வயதானவர்களுக்கு 8 வாரம் கால்தசைப் பயிற்சி கொடுத்தபோது வலு இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது.

சுவரை ஒட்டி, கைப்பிடி உள்ள நாற்காலியைப் போடுங்கள். பக்கத்தில் நீங்கள் நின்றுகொண்டு அம்மாவை மெல்ல எழுந்து, மெல்ல உட்காரச் சொல்லுங்கள். முதலில் கையூன்றியே எழட்டும். தொப்பென்று உட்காராமல் நிதானமாக இறங்குவது முக்கியம். தொடைத்தசைக்கு அப்போதுதான் வேலை. ஒவ்வொரு வேளையும் புரதம் தட்டில் இருக்கட்டும். தலைசுற்றலோ மூட்டுவலியோ இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ஒரு மாதம் கழித்து அம்மா எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள்.

அன்புடன்