கேள்வி–பதில்: இத்தாலியப் பேய்ப்படங்களில் கலை எங்கே?

கேள்வி: மரியோ பாவா, டாரியோ அர்ஜெண்டோ, லூச்சியோ ஃபுல்ச்சி என்ற பேய்ப்பட இயக்குநர்கள் மூவரையும் மேதைகள் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை கொண்டாடியது. அதை நம்பி அர்ஜெண்டோவின் 'டீப் ரெட்', 'சஸ்பீரியா' இரண்டையும் பார்த்தேன். கதைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. உதடு ஒரு பக்கம் போகிறது, குரல் ஒரு பக்கம் போகிறது. மிச்சமெல்லாம் பெண்களைக் குத்திக் கொல்வதுதான். ஃபெலினி, அண்டோனியோனி போன்ற பெரிய இயக்குநர்கள் பிறந்த மண்ணில் இந்த ரத்த வியாபாரிகளையும் கலைஞர்கள் என்று சொல்லக் கூச்சமாக இல்லையா? (வாசகர், திருச்சி)

பதில்: இல்லை. ஃபெலினி, அண்டோனியோனி என்று நீங்களே பெயர் சொல்லிவிட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அண்டோனியோனியின் 'தி பாசஞ்சர்' (1975) படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் லூச்சியானோ டோவோலி. இரண்டு வருடம் கழித்து 'சஸ்பீரியா'வுக்குக் கேமரா பிடித்தவரும் அவரேதான். அர்ஜெண்டோவின் முதல் படம் 1970இல் வந்தது. ஒளிப்பதிவு விட்டோரியோ ஸ்டொராரோ, இசை எனியோ மோரிக்கோனே. அதே வருடம் ஸ்டொராரோ பெர்டொலூச்சியின் 'தி கன்ஃபார்மிஸ்ட்'டையும் ஒளிப்பதிவு செய்தார். ஃபெலினி விஷயம் இன்னும் சுவையானது. பாவாவின் 'கில், பேபி... கில்!' 1966இல் வந்தது. பந்து விளையாடும் ஒரு சிறுமியின் ஆவி அந்தப் படத்தில் வருகிறது. 1968இல் ஃபெலினி எடுத்த 'டோபி டாம்மிட்' குறும்படத்தில் சாத்தான் எந்த உருவில் வருகிறான் தெரியுமா? வெள்ளைப் பந்து வைத்திருக்கும் ஒரு சிறுமி. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். உயர்ந்த சினிமா, தாழ்ந்த சினிமா என்று நீங்கள் எழுப்பும் சுவரை அந்த நாட்டுக் கலைஞர்கள் மதித்ததாகத் தெரியவில்லை.

உதடும் குரலும் ஒட்டாத குறைக்கும் இதே பதில்தான். அந்தக் காலத்து இத்தாலியில் படப்பிடிப்பில் ஒலி பதிவு செய்யும் வழக்கம் குறைவு. ஆளுக்கொரு மொழியில் பேசி நடிப்பார்கள், குரல் பிறகு சேரும். ஃபெலினியே வசனத்துக்குப் பதில் சில நடிகர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லிப் படமெடுத்தவர். அவரிடம் பொறுத்துக்கொண்டதை அர்ஜெண்டோவிடம் குற்றமாகப் படிப்பது சரியில்லை.

சரி, கலை எங்கே என்று கேட்கிறீர்கள். ரிக்கார்டோ ஃப்ரெடா என்ற இயக்குநர் 'இ வாம்பிரி' (1957) என்ற படத்தைத் தொடங்கிப் பாதியில் விலகினார். கேமராமேனாக இருந்த பாவாதான் அதை முடித்துக் கொடுத்தார். அதில் ஒரு அழகி, ஒரே ஷாட்டில், நம் கண் முன்னாலேயே கிழவியாகிறாள். வெட்டு இல்லை. நடிகையின் முகத்தில் சுருக்கங்களைச் சிவப்பு மையால் வரைந்துவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டார்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் சிவப்பு ஒளியில் சிவப்பு மை தெரியாது. விளக்கின் நிறத்தை மெல்ல மாற்றியதும் ஒவ்வொரு கோடாகக் கறுத்து மேலே வருகிறது. ஹாலிவுட்டில் முன்பே செய்த வித்தைதான். ஆனால் பாவாவின் கையில் அது முகத்துக்குள்ளிருந்தே முதுமை கசிவதுபோல ஆகிறது. அவர் அப்பா சிற்பி, சினிமாவில் தந்திரக் காட்சிகள் செய்தவர். அந்தப் பட்டறையில் வளர்ந்த கை அது. 1965இல் ஒரு விண்வெளிப் படம் எடுக்கப் போனபோது பாவாவிடம் இருந்தது மிச்சம் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் பாறைகள். அவற்றைக் கண்ணாடிகளால் பெருக்கி, புகையும் வண்ண விளக்கும் போட்டு ஒரு கிரகத்தையே உண்டாக்கினார். பணமில்லாத இடத்தில் ஒளியை வைத்துக் கட்டடம் எழுப்பத் தெரிந்தவரைக் கலைஞர் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

அடுத்து, நீங்கள் பார்த்த படங்களுக்கே வருகிறேன். 'டீப் ரெட்'டின் நாயகன் டேவிட் ஹெம்மிங்ஸ், அண்டோனியோனியின் 'ப்ளோ-அப்'பில் புகைப்படக்காரனாக நடித்தவர். அங்கே அவன் எடுத்த படத்துக்குள் ஒரு கொலை ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறான். இங்கே ஒரு கொலையைப் பார்த்துவிட்டு மாடிக்கு ஓடுகிறான். ஓவியங்கள் மாட்டிய நடைவழியைக் கடக்கிறான். ஏதோ ஒன்றைப் பார்த்தோம், பிறகு அது காணோம் என்ற உறுத்தல் படம் முழுக்க அவனை விடுவதில்லை. முக்கியமான விஷயம், அவன் பார்த்ததை நாமும் அதே நொடியில் பார்க்கிறோம். அர்ஜெண்டோ எதையும் மறைக்கவில்லை. விடை தெரிந்த பிறகு அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள், பட்டவர்த்தனமாக இருக்கும். கண் பார்த்ததை மனம் எப்படித் தவறவிடுகிறது என்பதுதான் படமே. நீங்கள் தேடிய கதை அங்கேதான் இருந்தது.

'சஸ்பீரியா'வில் முதலில் சிறுமிகளை நடிக்கவைக்கத்தான் அர்ஜெண்டோ நினைத்தார். அது நடக்காமல் வளர்ந்த பெண்கள் வந்தார்கள். அப்புறம் என்ன செய்தார்? வசனத்தைக் குழந்தைத்தனமாகவே விட்டுவிட்டு, கதவுக் கைப்பிடிகளை வழக்கத்தைவிட உயரத்தில் வைத்தார். கைப்பிடியைத் தொடக் கை மேலே போகும்போது அந்தப் பெண்கள் சூனியக்காரி வீட்டில் மாட்டிய குழந்தைகளாகிவிடுகிறார்கள். 'வசனம் அசட்டுத்தனம்' என்று நினைத்திருப்பீர்கள். அது தெரிந்தே செய்தது. டிஸ்னியின் ஸ்நோ ஒயிட் படத்து வண்ணங்கள் வேண்டுமென்று கேட்டதும் அதற்காகத்தான். டோவோலி வண்ணத் துணிகளை விளக்குக்கு முன்னால், நடிகர்களுக்கு வெகு அருகில் கட்டி அதைக் கொடுத்தார்.

ஃபுல்ச்சியை வெறும் ஜோம்பிப் பட ஆள் என்று ஒதுக்குபவர்கள் அவருடைய 1972ஆம் வருடத்துப் படமான 'டோன்ட் டார்ச்சர் எ டக்லிங்'கைப் பார்த்திருக்க மாட்டார்கள். தென் இத்தாலியில் ஒரு மலைக்கிராமம். சிறுவர்கள் கொல்லப்படுகிறார்கள். சூனியக்காரி என்று பேரெடுத்த ஒருத்தியைப் போலீஸ் விடுவித்தும் ஊர் ஆண்கள் விடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் வைத்துச் சங்கிலியால் அடிக்கிறார்கள், ரேடியோவில் ஒர்னெல்லா வனோனி காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார். அவள் ஊர்ந்து ஊர்ந்து சாலை ஓரத்துக்கு வந்து சேர்கிறாள். விடுமுறைக்குப் போகும் குடும்பங்களின் கார்கள் அவளைத் தாண்டிப் போகின்றன. ஒன்றும் நிற்கவில்லை. ஊரின் பழைய மூர்க்கத்தையும் நெடுஞ்சாலையில் வந்த புதிய அலட்சியத்தையும் ஒரே காட்சியில் ஒரே உடம்பின்மேல் வைத்துக் காட்டிய படங்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. இதையும் ரத்த வியாபாரம் என்பீர்களா?

பெண்களைக் கொல்வது பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் தள்ள மாட்டேன். கொலையை அத்தனை அழகாக அலங்கரிப்பது எனக்கும் பல இடங்களில் உறுத்துகிறது. கையுறை போட்ட கொலைகாரனின் கைகளுக்கு அர்ஜெண்டோ தன் கைகளையே கொடுத்தார் என்பதும் யோசிக்க வைக்கும் விஷயம். அதைக் கேள்வி கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ருஜ்ஜெரோ டியோடாட்டோவின் 'கானிபல் ஹோலோகாஸ்ட்'டில் (1980) உயிருள்ள விலங்குகளைக் கொன்று படமெடுத்தார்கள். அதற்கு எந்தக் கலைச் சமாதானமும் கிடையாது. அர்ஜெண்டோவின் பிற்காலப் படங்கள் பலவற்றையும் தாங்கிப் பேச நான் தயாரில்லை. ஆனால் இந்தக் குறைகளைச் சாக்காக வைத்து முழு மரபையும் குப்பையில் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் பார்த்தது 'டீப் ரெட்'டின் எந்தப் பிரதி? இத்தாலியப் பிரதி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். வெளிநாட்டுக்கு அனுப்பியதில் இருபது நிமிடத்துக்கும் மேல் வெட்டிவிட்டார்கள். வெட்டுப்பட்ட படத்தில் தலையும் வாலும் இல்லை என்றால் அதற்கு அர்ஜெண்டோ என்ன செய்வார்? முழுப் பிரதி இப்போது தாராளமாகக் கிடைக்கிறது.