அண்டாவைப் பார்த்து அடுப்பை வாங்குங்கள்

முகாம் சமையல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, எங்கள் குழு அவ்வப்போது திறந்தவெளி முகாம் நடத்துகிறது. முப்பது பேர் வரை வருவார்கள், சமையல் எங்கள் பொறுப்பு. இதுவரை பெட்டி போல மடிகிற இரட்டை பர்னர் அடுப்பும், கையில் பிடிக்கும் அளவுள்ள சின்ன புரொப்பேன் சிலிண்டர்களும் வைத்துச் சமாளித்தோம். அண்டா கொதிப்பதற்குள் பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்கிறார்கள். பாதிச் சமையலில் தீயும் சோர்ந்துபோகிறது. இப்போது 60,000 பிடியூ அடுப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். வாங்கலாமா?

பதில்: தம்பி, அந்த 60,000 என்ற எண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் அண்டா எத்தனை லிட்டர், அதன் அடி எவ்வளவு அகலம் என்பதை நீங்கள் எழுதவில்லை. நான் கடைக்காரராக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன். முப்பது பேர் என்பதால், ஒரே நேரத்தில் 20 லிட்டர் தண்ணீர் கொதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன்.

பெட்டியில் போட்டிருக்கும் பிடியூ எண், முழுத்தீயில் ஒரு மணி நேரத்தில் அடுப்பு வெளியேற்றும் வெப்பம். 3,412 பிடியூ சேர்ந்தால் ஒரு கிலோவாட். உங்கள் பழைய அடுப்பு வகையில் ஒரு பர்னர் 10,000 பிடியூ அளவில் இருக்கும், அதாவது ஏறத்தாழ 3 கிலோவாட். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோக 335 கிலோஜூல் வேண்டும். தீயின் வெப்பத்தில் பாதி பாத்திரத்துக்குள் போகிறது என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், 20 லிட்டருக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆகிவிடும். பிள்ளைகள் காத்திருந்ததில் வியப்பில்லை. அந்த அடுப்பு நாலைந்து பேருக்குச் சமைக்கச் செய்தது, அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்யும்.

அதே கணக்கில் 30,000 பிடியூ பர்னர் வைத்தால் 25 நிமிடம் போதும். அப்படியானால் 60,000 வைத்தால் பன்னிரண்டு நிமிடம்தானே என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. தீ பெரிதாகப் பெரிதாக அது அண்டாவின் அடியைத் தாண்டி ஓரமாக வழிந்து மேலே போகிறது. அந்த வெப்பம் உங்கள் கையைச் சுடும், கைப்பிடியைச் சுடும், தண்ணீருக்குப் போகாது. மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது என்று வையுங்கள், 19 நிமிடம் வருகிறது. ஆறு நிமிடம் மிச்சம். அதற்குச் செலவாகும் எரிவாயுவோ ஒன்றரை மடங்கு.

அதனால் 20 லிட்டர் அண்டாவுக்கு 30,000 பிடியூ பக்கத்தில் ஒரு பர்னர் போதும் என்பது என் உறுதியான கருத்து. 60,000 வேண்டுமென்றால் 40, 50 லிட்டர் கொப்பரையும், அதற்கேற்ற அகலமான அடியும் வேண்டும். இன்னொன்று: ஒரு பெரிய அடுப்பை மட்டும் வாங்கி எல்லாவற்றையும் அதிலேயே செய்ய நினைக்காதீர்கள். கால் வைத்த வலுவான ஒற்றை பர்னர் ஒன்று, கூடவே உங்கள் பழைய இரட்டை பர்னர். அண்டா பெரியதில் கொதிக்கட்டும். தாளிப்பதும் வதக்குவதும் சூடாக வைத்திருப்பதும் பழையதில் நடக்கட்டும். சமையல் நேரத்தைப் பாதியாக்குவது இந்தப் பங்கீடுதான்.

பாதிச் சமையலில் தீ சோர்ந்துபோகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் காரணம் சிலிண்டர். உள்ளே புரொப்பேன் திரவமாக இருக்கிறது; ஆவியாகி வெளியே வந்தால்தான் எரியும். ஒரு கிலோ ஆவியாக சுமார் 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைத் தன்னிடமிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும்தான் சிலிண்டர் எடுத்துக்கொள்ளும். மெதுவாக எரித்தால் காற்று ஈடுகொடுக்கும். வேகமாக உறிஞ்சினால் சிலிண்டர் குளிர்ந்துகொண்டே போய், வெளிப்பக்கம் வியர்க்கும், பிறகு உறைபனி படியும். உள்ளே அழுத்தம் இறங்கும், தீ சுருங்கும். எரிவாயு தீர்ந்துவிட்டது என்று கழற்றிப் பார்த்தால் உள்ளே குலுங்கும். 30,000 பிடியூ பர்னர் முழுத்தீயில் மணிக்கு 700 கிராம் அளவுக்குக் குடிக்கும். 465 கிராம் கொண்ட சின்ன சிலிண்டர் கணக்குப்படி 40 நிமிடம் வர வேண்டும், ஆனால் குளிர்ந்து சோர்வதால் அந்த 40 நிமிடமும் முழுத்தீ கிடைக்காது. அதனால் பெரிய பர்னர் என்று முடிவெடுத்தால், 5 கிலோவோ அதற்கு மேலோ உள்ள, திரும்ப நிரப்பக்கூடிய சிலிண்டரும் சேர்ந்தே வர வேண்டும். சிலிண்டரை இழுத்துவரப் பாதை இல்லாத இடத்தில் முகாம் என்றால் பெரிய பர்னர் யோசனையையே விட்டுவிடுங்கள்.

அடுத்தது ரெகுலேட்டர். இதில் நான் கண்டிப்பானவள். வீட்டு அடுப்பு மாதிரியானவை சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் எரிகின்றன. பெரிய வார்ப்பு பர்னர்கள் பல, ஒரு பாரும் (அதாவது 1,000 மில்லிபார்) அதற்கு மேலும் தரும் உயர் அழுத்த ரெகுலேட்டருக்காகவே செய்யப்பட்டவை. வித்தியாசம் முப்பது மடங்கு. பெரிய பர்னரில் வீட்டு ரெகுலேட்டரை மாட்டினால் தீ நோஞ்சானாக எரியும், அவ்வளவுதான். தாழ்ந்த அழுத்த அடுப்பில் உயர் அழுத்த ரெகுலேட்டரை மாட்டினால் தீ சீறி எழும், இணைப்புகள் தாங்காது. ஆகவே அடுப்போடு தயாரிப்பாளர் கொடுத்த ரெகுலேட்டரும் குழாயும் மட்டும். கையில் கிடைத்ததை ஒட்டுப்போட்டு மாட்டக் கூடாது. வாங்கும்போது சான்றிதழ் முத்திரையையும் பாருங்கள்; முகாம் அடுப்புகளுக்கு வட அமெரிக்காவில் இசட்21.72, ஐரோப்பாவில் ஈஎன் 521 என்ற தரநிலைகள் உண்டு.

கடையில் நிற்கும்போது அடுப்பின் காலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தண்ணீர் மட்டுமே 20 கிலோ, பாத்திரமும் சேர்ந்தால் இன்னும் அதிகம். தரை எங்கேயும் சமமாக இருக்காது. கால்கள் அகல விரிந்து, அடுப்பு தாழ்வாக இருக்க வேண்டும். கொதிக்கிற அண்டா சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. உயரமான, ஒல்லியான காலுள்ள அடுப்பு எவ்வளவு பிடியூ கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

பிறகு சிம். குமிழைத் திருப்பும்போது தீ படிப்படியாக இறங்குகிறதா, அல்லது முழுத்தீயிலிருந்து ஒரே தாவலில் அணைந்துபோகிறதா? பலமான அடுப்புகளில் அடிக்கடி காணும் குறை இது. தண்ணீர் கொதிக்க மட்டும் என்றால் பரவாயில்லை. கெட்டியாக எதையாவது கிளற வேண்டுமென்றால் அடிப்பிடித்துவிடும். பர்னரின் தீ வளையம் சின்னதாக இருந்தால் நடுவில் மட்டும் கருகும். அகலமான வளையமோ, உள்ளும் வெளியுமாக இரண்டு வளையமோ உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

காற்றுத் தடுப்பையும் அண்டாவின் மூடியையும் சிறு விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். காற்றடிக்கும் வெளியில் மூடியில்லாமல் வைத்த 30,000 பிடியூவைவிட, மறைவில் மூடி போட்டு வைத்த 20,000 முந்திவிடும். ஆனால் தடுப்பு அடுப்புக்கு மட்டும். சிலிண்டரையும் சேர்த்து வளைத்து மூடிவிடாதீர்கள். சிலிண்டர் தடுப்புக்கு வெளியே, குழாய் எட்டும் தூரம் தள்ளி, நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வந்துவிடும்.

கேள்வி: அக்கா, மலை முகாமில் காலையில் எங்கள் சின்ன பியூட்டேன் அடுப்பு எரியவே மாட்டேன் என்கிறது. டப்பா நிறைய எரிவாயு இருக்கிறது. வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிறது. அடுப்பை மாற்ற வேண்டுமா?

பதில்: அடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது, எரிவாயுவை மாற்றுங்கள். சாதாரண பியூட்டேன் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேதான் கொதிக்கிறது. காலைக் குளிர் அதை நெருங்கினால் டப்பாவுக்குள் அது திரவமாகவே படுத்திருக்கும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். புரொப்பேன் கொதிப்பது மைனஸ் 42 டிகிரியில். 1910-இல் அமெரிக்க வேதியியலாளர் வால்டர் ஸ்நெல்லிங், பெட்ரோலிலிருந்து ஓயாமல் ஆவியாகித் தப்பிக்கொண்டிருந்தது என்ன என்று ஆராய்ந்தபோது கண்டறிந்தவற்றில் புரொப்பேனும் ஒன்று. நிற்காமல் ஓடுகிற அந்தக் குணம்தான் குளிரில் நமக்குக் கைகொடுக்கிறது.

அதற்காக மெல்லிய டப்பாவில் தனிப் புரொப்பேன் கிடைக்காது. 20 டிகிரியில் பியூட்டேனின் அழுத்தம் 2 பார் அளவு, புரொப்பேனுக்கு 8 பாரைத் தாண்டும். அதைத் தாங்கக் கனத்த எஃகு வேண்டும். தோளில் சுமந்து போகிறவர்களுக்கு ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த டப்பாதான் வழி. கலவையில் புரொப்பேன் முந்திக்கொண்டு போய்விடும். கடைசிக் கால் பங்கு டப்பா மறுபடி சோம்பும். இரவில் டப்பாவைப் படுக்கைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சமைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் ஊற்றிய தட்டில் நிறுத்துங்கள். கொதிநீர் கூடாது, தீயில் காட்டவே கூடாது. டப்பா உள்ளேயே பொருந்தும் அடுப்புகளில் அகலமான தவாவை வைத்து டப்பாவின் மேல் நீட்டிக்கொண்டிருக்க விடுவதும் அதே அளவு ஆபத்து, வெப்பம் திரும்பி டப்பாவைச் சுடும்.

உயரத்தில் சமையல் தாமதமானால் அதற்கும் அடுப்பைக் குறை சொல்லாதீர்கள். 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு பெரிய தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது. அங்கே குக்கர்தான் தீர்வு.

கேள்வி: மழை வந்துவிட்டால் கூடாரத்துக்குள் அடுப்பை வைத்துக்கொள்ளலாமா? வாசல் திறந்துதான் இருக்கும்.

பதில்: கூடாது. வாசல் திறந்திருந்தாலும் கூடாது, ஐந்து நிமிடத்துக்கும் கூடாது. காற்று போதாமல் எரியும் தீயிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. லேசான தலைவலி, தூக்கம், அதோடு நினைவு போய்விடும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம்; கசிந்தால் மேலே போகாமல் தரையில், நீங்கள் படுக்கிற மட்டத்தில் தேங்கும். கூடாரத் துணியும் சட்டென்று பற்றிக்கொள்ளும். நாலு பக்கமும் திறந்த, உயரமான கூரை விரிப்பு ஒன்றை எடுத்துப்போங்கள். அதுவும் இல்லாவிட்டால் அன்றைக்குச் சமைக்காமல் சாப்பிடக்கூடியதைச் சாப்பிடுங்கள்.

கேள்வி: பரணில் கிடந்த அடுப்பை எடுத்துப் பற்றவைத்தால் தீ மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரியாகிறது. போன முறை நீலமாகத்தான் எரிந்தது.

பதில்: பெரும்பாலும் சிலந்திதான். ஜெட்டுக்கும் (எரிவாயு பீறிட்டு வரும் சின்னத் துளையுள்ள முனை) பர்னருக்கும் நடுவிலுள்ள குழாயில், காற்று கலக்கும் துளைப் பக்கம், கூடு கட்டிவிடும். காற்று குறைந்தால் தீ மஞ்சளாகும், புகைக்கும், கார்பன் மோனாக்சைடும் கூடும். சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயை மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து எடுங்கள். ஜெட்டின் துளையில் ஊசி, கம்பி எதையும் விடாதீர்கள், துளை அகன்றால் அடுப்பே கெட்டுவிடும். சுத்தம் செய்தபின் எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவி, சிலிண்டரைத் திறந்து, குமிழ் வருகிறதா பாருங்கள். ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். அடுத்த முறை பரணில் ஏற்றும்போது பர்னரையும் குழாய் வாயையும் துணியால் இறுகக் கட்டி வையுங்கள்.

கேள்வி: பெரிய சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எடை போடுங்கள். காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும், அதைக் கழித்தால் மிச்சம் தெரியும். அழுத்தமானியை நம்பாதீர்கள்; உள்ளே திரவம் கொஞ்சமே இருந்தாலும் அழுத்தம் அப்படியே இருக்கும், வெப்பநிலை மாறினால்தான் மாறும். 30,000 பிடியூ பர்னருக்கு முழுத்தீயில் மணிக்கு 700 கிராம் என்று வைத்து, எத்தனை வேளை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் என்று முகாமுக்கு முந்தைய நாளே கூட்டிப் பாருங்கள். வந்த தொகையோடு கால் பங்கு சேர்த்து எடுத்துப்போங்கள், காற்று அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.