பெகோனியா வாடியது தாகத்தால் அல்ல

கேள்வி: ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியா போனபோது, வெள்ளியும் ஊதாவும் கலந்த இலையுள்ள பெகோனியாக் கன்றுகள் இரண்டு வாங்கி வந்தேன். முன் விறாந்தையில் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு மாதத்தில் இலை ஓரமெல்லாம் கருகி, ஒன்று அடியோடு சரிந்துவிட்டது. மற்றதில் மூன்று இலைதான் மிச்சம். "வன்னி வெயிலுக்கு இது சரிவராது, எறிந்துவிடு" என்கிறார் அம்மா. எறியத்தான் வேண்டுமா? – ஒரு வாசகி, கிளிநொச்சி

பதில்: அன்புத் தங்கச்சி, எறிய வேண்டாம். ஆனால் இன்று மாலை தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஓரம் கருகினால் தாகம் என்றுதான் யாரும் நினைப்போம். உங்கள் கன்றுக்குக் காய்ந்தது மண் அல்ல, காற்று. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கினால் கொடியில் போட்ட துணி எவ்வளவு கெதியாகக் காய்கிறது! அதே காற்று அந்த மெல்லிய இலையின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. நீங்கள் ஊற்றியதோ அடியில் தேங்கி வேரை அழுகவைத்தது. வேர் அழுகினால் தண்ணீர் மேலே ஏறாது, இலை இன்னும் கருகும், அதைக் கண்டு நாம் இன்னும் ஊற்றுவோம். என் முதல் கன்றும் இப்படித்தான் போனது. அந்தக் கவலை இன்னும் இருக்கிறது.

ரெக்ஸ் என்று விற்கிற இந்த வண்ண இலைப் பெகோனியாக்களின் தாய்ச்செடி அசாம் பக்கத்துக் காடுகளைச் சேர்ந்தது. 1850களில் ஐரோப்பாவுக்குப் போய், அங்கேதான் இத்தனை நிறக் கலப்பினங்களாகப் பெருகியது. மர நிழலில், மக்கிய இலைகளுக்குள் வேரை மேலாகப் பரப்பி வாழ்கிற செடி. நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரம், குளிரும் பனிமூட்டமும் உள்ள ஊர். அங்கே வளர்ந்த கன்றை நேரே நமது கோடைக்குள் இறக்கினால் தவித்துத்தான் போகும். வெப்பத்தை மட்டும் என்றால் ஓரளவு சமாளிக்கும். வெப்பத்தோடு வறண்ட காற்றும் சேர்ந்தால்தான் கஷ்டம்.

சரி, கன்றைச் சட்டியிலிருந்து மெல்ல எடுங்கள். மண்ணோடு ஒட்டிப் படர்கிற, இஞ்சி போன்ற தடித்த தண்டை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொளகொளவென்ற பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்டி எறியுங்கள். ஆழமான சட்டி வேண்டாம். அடியில் ஓட்டையுள்ள அகலமான சிறு சட்டி போதும். கழுவிய தும்புத்தூள் இரண்டு பங்கு, மக்கிய இலை ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். வயல் களியைத் தொடவே வேண்டாம். தண்டைப் புதைக்காமல் பாதி வெளியே தெரிய வையுங்கள்.

இனி விரலை ஒரு கணு அளவு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். கேத்திலில் வெள்ளையாகப் படிகிற கிணற்றுத் தண்ணீர் என்றால் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

இடம்தான் முக்கியம். விறாந்தையை விட்டு உள்ளே கொண்டுபோய், கிழக்கு ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். தகரக் கூரை அறை என்றால் வேண்டாம். இருட்டில் வைத்தால் இலையின் நிறம் மங்கும், உச்சி வெயில் பட்டால் வெளுக்கும். இலைமேல் தண்ணீர் விசிறச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, இலையில் ஈரம் நின்றால் நோய்தான் வரும். பாவிக்காத கண்ணாடி மீன்தொட்டி இருந்தால் அடியில் ஈரக் கூழாங்கல் பரப்பி, மேலே திறந்தபடி, சட்டியை அதற்குள் வையுங்கள். சோளகம் முடியும்வரை கன்று அங்கேயே இருக்கட்டும். இது கிடைக்காவிட்டால் மற்றச் சட்டிகளோடு நெருக்கமாக வையுங்கள். ஆட்டுக்கும் பூனைக்கும் எட்டக்கூடாது, இலை அவற்றுக்கு நஞ்சு.

மூன்று இலையில் நல்லதாக ஒன்றை இன்றே எடுங்கள். பின்புறத்துத் தடித்த நரம்புகளை நான்கைந்து இடத்தில் கீறி, ஈர மணல்மேல் அந்தப் பக்கம் படும்படி கிடத்தி, கண்ணாடி மூடியால் மூடிவிடுங்கள். ஒன்றரை, இரண்டு மாதத்தில் கீறிய இடங்களில் குட்டிக் கன்றுகள் எழும்பும். தாய்ச்செடி தப்பாவிட்டாலும் அந்த நிறம் உங்களிடம் இருக்கும்.

ஐப்பசி மழை பிடித்ததும் தொட்டியிலிருந்து எடுத்து, சாரல் அடிக்காத விறாந்தை மூலைக்கு மாற்றலாம். நமது பக்கம் பெகோனியா செழித்து வளர்வது மாரியில்தான். அப்போது இலையில் வெள்ளைப் பொடி போலத் தெரிந்தால் அந்த இலையை உடனே நுள்ளிவிட்டு, சட்டிகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி வையுங்கள்.